இனிப்பு நீர் இருந்தால் நஷ்ட ஈடு கிடையாதா?

“அவருக்குத்தான் முன்னமே இனிப்பு நீர் இருந்ததே, அப்புறம் எப்படிங்க நஷ்ட ஈடு குடுப்பாங்க?”

தோட்டத்து லயத்திலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடுகளிலும், காப்பிக் கடையிலும் இந்தப் பேச்சை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சொல்கிறவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு அவரும் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு பேச்சினால் நம்மவர்கள் எத்தனை பேர் வக்கீலைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள், எத்தனை பேர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கலங்குகிறது. ஆகவே, நோயும் விபத்தும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்துகொண்டால் நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்

ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டும் தொழிலாளி ஒருவர். வயது 48. எட்டு வருஷமாக இனிப்பு நீர். அரசாங்க கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, சந்திலிருந்து நிற்காமல் வந்த கார் ஒன்று இடித்துத் தள்ளிவிடுகிறது. பாதம் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், புண் ஆறவில்லை. இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

காப்புறுதிக் கம்பெனியின் பக்கத்திலிருந்து வந்த பதில் இது: “பாதத்தில் பட்ட காயத்துக்கு மட்டும்தான் எங்கள் பொறுப்பு. கால் போனது இனிப்பு நீரால். அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?”

மருமகன் சொல்கிறார்: “மாமா, அவங்க சொல்றதும் ஞாயமாத்தான் தெரியுது. குடுக்கறத வாங்கிக்கிட்டு முடிச்சிடலாம்.”

மனைவி சொல்கிறார்: “வக்கீல்கிட்டப் போனா நோயைப் பத்தி மூச்சு விடாதீங்க. இல்லேன்னு சொல்லிடுங்க.”

இரண்டு பேரும் அவருடைய நன்மைக்காகவே பேசுகிறார்கள். ஆனால் இரண்டு யோசனையும் தப்பான யோசனைதான். ஏன் என்று பார்ப்போம்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 15.6 விழுக்காடு. இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட இது அதிகம் என்பதும் நமக்குத் தெரிந்த செய்தியே. இன்னொரு பக்கம், நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இனிப்பு நீரும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்திருக்கும் வீடு எந்த வீடு என்று கேட்டால், பாதி நம்ம வீடுதான்.

முதல் கேள்வி: தவறு யாருடையது?

நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் விபத்து நஷ்ட ஈடு என்பது அடிபட்டவருக்கெல்லாம் தானாக வந்துவிடும் பணமல்ல. எதிராளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்று காட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதனால்தான் கார்க்காரர் செய்த தவறுக்குக் காப்புறுதிக் கம்பெனி பணம் கொடுக்கிறது. இரண்டு பேர் மீதும் தவறு இருந்தால், அவரவர் பங்குக்கு ஏற்ப நஷ்ட ஈடு குறையும்.

இனிப்பு குறைந்து தலை சுற்றி நாமே வண்டியோடு விழுந்தால், அதற்கு வேறு யாரையும் பிடிக்க முடியாது. அது வேறு விஷயம். இங்கே நாம் பேசுவது, தவறு எதிராளியுடையதாக இருந்தும், “உனக்கு முன்னமே நோய் இருந்தது” என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்க்கும் நிலையைப் பற்றித்தான்.

உள்ளபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும்

நம் நாட்டு நீதிமன்றங்கள் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் வழியாக ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் அடிப்படைகளைப் பின்பற்றி வருகின்றன. அதில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு விதி உண்டு. ‘மெல்லிய மண்டை ஓடு’ விதி என்று வக்கீல்கள் அதைச் சொல்வார்கள். ஒருவன் கவனக்குறைவாக இன்னொருவனின் மண்டையில் அடித்துவிட்டான். சாதாரண மண்டையாக இருந்தால் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அடிபட்டவனின் மண்டை ஓடு பிறவியிலேயே மெல்லியது, ஆகவே உடைந்துவிட்டது. “எனக்கு அது எப்படித் தெரியும்?” என்று அடித்தவன் தப்பிக்க முடியாது. அடிபட்டவனை அவன் இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம்.

இந்த விதிக்குப் பேர்போன வழக்கு ஒன்று உண்டு. அதில் சம்பந்தப்பட்டவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளி என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டு, இரும்புச் சாமான்களை உருகிய உலோகத்தில் தோய்த்தெடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். போதிய பாதுகாப்பு இல்லாத இடத்தில் நின்றதால், உருகிய உலோகத்தின் ஒரு துளி தெறித்து அவருடைய கீழ் உதட்டில் பட்டது. சின்னச் சூட்டுக் காயம்தான். ஆனால் அந்த இடம் புண்ணாகி, புற்றுநோயாக மாறி, 1953ல் அவர் இறந்துபோனார். அதற்கு முன்னால் அவர் பல ஆண்டுகள் எரிவாயுத் தொழிலில் தாரோடு பழகியவர். அதனால் அவருடைய உடம்பில் புற்றுநோய் வருவதற்கான நிலை ஏற்கெனவே இருந்தது.

மனைவி வழக்குப் போட்டார். “ஒரு சூட்டுக் காயத்தால் ஒருவர் புற்றுநோய் வந்து சாவார் என்று யார் எதிர்பார்க்க முடியும்?” என்று முதலாளி தரப்பு வாதாடியது. தலைமை நீதிபதி லார்ட் பார்க்கர் அதை ஏற்கவில்லை. புற்றுநோயை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை, சூட்டுக் காயம் படக்கூடும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும், அது போதும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்தத் தொழிலாளியின் உடல்வாகைப் பொறுத்தது, அதற்கும் முதலாளியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். ஸ்மித் எதிர் லீச் பிரெயின் என்னும் இந்த வழக்கு 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது.

இப்போது நம் குலை வெட்டும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கார் இடித்தால் பாதம் நசுங்கும் என்பது யாருக்கும் தெரிந்தது. நசுங்கிய பாதம் இனிப்பு நீர் உள்ளவருக்கு ஆறாமல் போனது என்றால், அந்த வினையும் இடித்தவருடைய கணக்கில்தான் சேர வேண்டும். “நோய் இல்லாதவரை இடித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதே” என்பது ஒரு பதிலே அல்ல. அவர் இடித்தது நோய் இல்லாதவரை அல்லவே!

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால், இந்தக் கால் இன்று இருந்திருக்குமா? “இருந்திருக்கும்” என்று மருத்துவர் சொன்னால், வழக்கின் முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டத்துக்கு இன்னொரு கண்ணும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அதே இங்கிலாந்து வழக்கில், அந்தத் தொழிலாளிக்கு விபத்து நடக்காவிட்டாலும் என்றாவது புற்றுநோய் வந்திருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுத்து நீதிபதி தொகையைக் குறைத்தார். அதாவது, நஷ்ட ஈடு என்பது விபத்துக்கு முன்னால் இருந்த நிலைக்கும் விபத்துக்குப் பின்னால் வந்த நிலைக்கும் உள்ள வித்தியாசம். முன்னமே போயிருந்ததற்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். எப்படியும் போயிருக்கக்கூடியதற்கும் முழுப் பணம் கிடைக்காது.

முதுகு வலியை எடுத்துக்கொள்வோம். இருபது வருஷம் முள்ளுத் தேங்காய்க் குலை தூக்கியவருக்கு முதுகெலும்பு தேயாமல் இருக்குமா? படம் பிடித்துப் பார்த்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அந்தப் படத்தைக் காட்டி, “இது பழைய தேய்மானம், விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று எதிர்த்தரப்பு நிபுணர் எழுதுவார். இங்கே மூன்று விதமான நிலைமை இருக்கலாம்.

ஒன்று: தேய்மானம் இருந்தது, ஆனால் வலி இல்லை. அவர் முழு வேலை செய்து வந்தார். விபத்துக்குப் பிறகுதான் வலி தொடங்கியது. இது மெல்லிய மண்டை ஓடு. முழுமையாகக் கேட்க வேண்டிய வழக்கு.

இரண்டு: முன்னமே வலி இருந்தது, மாதத்தில் இரண்டு நாள் மருந்து போட்டுக்கொண்டு சமாளித்தார். விபத்துக்குப் பிறகு எழுந்து நடக்கவே முடியவில்லை. இங்கே அதிகமான பகுதிக்கு நஷ்ட ஈடு உண்டு. எது பழையது, எது அதிகமானது என்பதைப் பிரித்துக் காட்டுவதில்தான் வழக்கு நிற்கும்.

மூன்று: விபத்து இல்லாவிட்டாலும் நாலைந்து வருஷத்தில் அவர் வேலையை விட்டிருப்பார் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்போது, விபத்து அந்த நாளை முன்னால் இழுத்துக்கொண்டு வந்த காலத்துக்குத்தான் கணக்கு.

கனடா நாட்டில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. அடிக்கடி முதுகு வலி வந்துபோய்க்கொண்டிருந்த ஒருவருக்கு 1991ல் அடுத்தடுத்து இரண்டு கார் விபத்துகள். தேறி வரும்போது, உடற்பயிற்சிக்காக உடம்பை வளைத்த சமயத்தில் முதுகெலும்பின் வட்டு பிதுங்கிவிட்டது. விபத்தின் பங்கு கால்வாசிதான் என்று கீழ் நீதிமன்றம் கால்வாசிப் பணம் கொடுத்தது. உச்ச நீதிமன்றமோ, வட்டு பிதுங்கியதற்கு அந்த விபத்துகள் ஒரு காரணமாக இருந்தாலே போதும், பழைய முதுகு வலியும் சேர்ந்து காரணமானது என்பதற்காகப் பணத்தைத் துண்டு போடக் கூடாது என்று முழுத் தொகையும் கொடுத்தது. வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

35 ஆண்டு இருந்த ஒரு வாசகம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். “நோய் இருந்தால் பணம் கிடையாது” என்ற பேச்சு நம்மவர்களிடையே எப்படி வேர் விட்டது? அது வெறும் வதந்தி அல்ல. சட்டத்திலேயே அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நஷ்ட ஈட்டுத் தொகைகளைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கத்தோடு 1984ஆம் ஆண்டில் சிவில் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 1.10.1984 முதல் நடப்புக்கு வந்தது. காயம்பட்டவர் தம் வருங்காலச் சம்பாத்தியத்துக்கு நஷ்ட ஈடு கேட்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். விபத்தின்போது வயது 55 ஆகியிருக்கக் கூடாது. அந்தக் காயம் தவிர மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருக்க வேண்டும். சொந்த உழைப்பால் சம்பாதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். விபத்தில் இறந்தவரின் குடும்பம் கேட்கும் வழக்கிலும் இதே மாதிரி நிபந்தனைகள்தான்.

‘நல்ல ஆரோக்கியம்’ என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, ஆஸ்துமா, இவற்றில் ஏதாவது ஒன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தால் போதும், எதிர்த்தரப்பு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். நோயாளிகள் எல்லாரும் எல்லா வழக்கிலும் தோற்றார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். வலிக்கும் வேதனைக்கும் கொடுக்கும் தொகையையும் இந்த நிபந்தனை தொடவில்லை. ஆனால் ஆரோக்கியமாக இருந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் அடிபட்டவர் தலையில் இருந்தது. வருங்காலச் சம்பளம்தான் கை கால் இழந்த தொழிலாளிக்குப் பெரிய தொகை. அந்தக் கதவில்தான் பூட்டு தொங்கியது.

இதில் ஒரு அநியாயமும் இருந்தது. நோயோடு தினமும் வேலைக்குப் போய், முழுச் சம்பளம் வாங்கி, சேமநிதியும் சொக்சோவும் கட்டிய மனிதரைப் பார்த்து, “நீ ஆரோக்கியமானவன் அல்ல” என்று சொல்வது எந்த ஞாயம்? வேலை வாங்கும்போது கேட்காத கேள்வியைக் கால் போன பிறகு கேட்பதா?

அந்தப் பூட்டு 1.9.2019 அன்று எடுக்கப்பட்டது. அன்று நடப்புக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம், நல்ல ஆரோக்கியம் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. வயது வரம்பு 55லிருந்து 60 ஆக உயர்ந்தது. இறந்தவரின் குடும்பத்துக்குத் துக்கத்தின் பேரில் கொடுக்கும் தொகையும் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்ந்தது. சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டிய நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்குப் போட்டால்தான் இதன் அருமை தெரியும். வருங்காலச் சம்பளத்தைக் கணக்கிடச் சட்டத்திலேயே ஒரு சூத்திரம் உண்டு. 30 வயதுக்கு மேற்படாதவருக்கு 16 வருஷம். 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு, 60லிருந்து வயதைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு வயது 48. 60லிருந்து கழித்தால் 12, பாதி 6 வருஷம். அவருடைய சொந்தச் செலவு போக, மாதம் இழப்பது 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 72,000 வெள்ளி. பழைய சட்டத்தில் 55லிருந்து கழித்து மூன்றரை வருஷம், 42,000 வெள்ளி. அதுவும் ஆரோக்கியத்தை நிரூபித்தால்! இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. 56 வயதுக்காரருக்குப் பழைய சட்டத்தில் பேச்சே கிடையாது. இப்போது அவருக்கும் இரண்டு வருஷக் கணக்கு உண்டு.

சட்டம் மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் காப்பிக் கடைப் பேச்சு இன்னும் மாறவில்லை. அதுதான் நம் வருத்தம்.

மறைத்தால் என்ன ஆகும்?

மனைவி சொன்ன யோசனைக்கு வருவோம். நோயை மறைத்துவிட்டால் என்ன?

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். கிளினிக் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, விபத்தன்று இரத்தம் சோதித்த தாள், எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் கொண்டுவர வழி இருக்கிறது. “உங்களுக்கு முன்னமே நோய் உண்டா?” என்று கேட்பார். “இல்லை” என்று சத்தியம் செய்து சொன்ன பிறகு, எட்டு வருஷ மருந்துப் பதிவை எடுத்து வைப்பார். அதற்குப் பிறகு நீங்கள் கால் வலிக்கிறது என்றாலும் நீதிபதி நம்புவாரா? நோயினால் கெடாத வழக்கு பொய்யினால் கெட்டுப் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளினிக் பதிவு நமக்கு விரோதி அல்ல, நமக்குச் சாட்சி. மாதா மாதம் போயிருக்கிறார், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார், விபத்துக்கு முந்திய மாதம் வரை காலில் ஒரு புண்ணும் இல்லை என்று அந்தப் பதிவே சொல்லும். முன்னால் எப்படி இருந்தார் என்பதை அதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தோட்டங்கள் கைமாறின, துண்டு துண்டாக விற்கப்பட்டன. தோட்டத்து டிரசர் எழுதி வைத்த பழைய பதிவுகள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. காண்டிராக்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளச் சீட்டும் இருப்பதில்லை. சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும், காகிதம் இல்லாதவர் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நிற்கிறார். இதை அரசாங்கமும் முதலாளிமார்களும் தொழிற்சங்கமும் கவனிக்க வேண்டும். அதுவரை நம் காகிதத்தை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சொக்சோவை மறந்துவிட வேண்டாம்

வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்து, 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோவில் சேரும். இதற்கு எதிராளி மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சொக்சோவில் பணம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கார்க்காரர் மேல் வழக்குப் போட முடியாது என்று நினைப்பதும் தவறு. காயம்பட்டவருக்கு வேறு சட்டத்தின் கீழ் கிடைக்கும் உதவித் தொகையை நஷ்ட ஈட்டில் கழிக்கக் கூடாது என்று சிவில் சட்டமே சொல்கிறது.

நோய் இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. கால் போனது நோயினால்தான் என்று ஒருவேளை முடிவானாலும், அதே நோயால் வேலை செய்ய முடியாமல் போனவருக்குச் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை, 60 வயதுக்குள் இருப்பது, போதுமான மாதங்கள் சந்தா கட்டியிருப்பது, இவை பார்க்கப்படும். ஒரு கதவு சாத்தினால் இன்னொரு கதவைத் தட்ட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட வேண்டும். அடிபட்டவர் படுத்த படுக்கையாக இருந்தால் வீட்டார் போய்ச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “சின்ன அடிதானே, எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்” என்று பத்து நாள் இருந்துவிட்டுப் போனால், அந்தப் பத்து நாளில் வேறெங்கோ அடிபட்டீர்கள் என்று சொல்வார்கள். மருத்துவர் சொன்ன சிகிச்சையை விட்டுவிட்டு நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடப் போனால், புண் பெரிதானதற்கு நீங்களே காரணம் என்பார்கள். இனிப்பு நீர் உள்ளவர் இந்த விஷயத்தில் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். என்ன நோய், எத்தனை வருஷம், என்ன மருந்து, விபத்துக்கு முன்னால் என்ன வேலை செய்ய முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்று சொன்னால்தான் அவர் எழுதுவார். நிபுணரின் அறிக்கை வாங்கும்போது, முன்னால் இருந்த நிலை, இப்போதைய நிலை, விபத்து இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய நிலை, இந்த மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பதில் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, சொக்சோ பதிவு, கிளினிக் அட்டை, மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நீங்கள் தினமும் வேலைக்கு வந்ததைப் பார்த்த மண்டோரும் உடன் வேலை செய்தவரும்கூடச் சாட்சிகளே.

‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு கால் போனாலும் கேட்க முடியாமல் போகலாம். புண் ஆறி, நிலைமை ஒரு முடிவுக்கு வராமல் எந்தத் தொகையும் சரியான தொகை ஆகாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்கும் ‘ரன்னர்’களிடம் ஏமாறாதீர்கள். “அண்ணே, நமக்குத் தெரிஞ்ச வக்கீல், காசே வேண்டாம், வந்ததுல இத்தனை விழுக்காடு குடுத்தா போதும்” என்பார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்துவதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கிறது. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் போய்க் கேட்கலாம். தொழிற்சங்கக் கிளையிலும் வழி சொல்வார்கள்.

காலக் கெடுவும் முக்கியம். தீபகற்ப மலேசியாவில், காயம்பட்டவர் வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டு உண்டு. இறந்தவரின் குடும்பம் 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இடித்தது அரசாங்க வாகனம் என்றால் 36 மாதம்தான். நாள் இருக்கிறது என்று தள்ளிப் போட்டால் சாட்சியும் மறந்துவிடும், காகிதமும் காணாமல் போகும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நோயோடு உழைப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போனவர்கள்தான் நம் அப்பா அம்மாக்கள். அவர்கள் வாங்கிய சம்பளத்தில் நோய்க்கென்று யாரும் ஒரு காசு குறைத்துக் கொடுக்கவில்லை, கூட்டியும் கொடுக்கவில்லை. அப்படி உழைத்த ஒருவரை இன்னொருவரின் கவனக்குறைவு முடக்கிப் போட்டால், “உனக்கு முன்னமே நோய் இருந்தது” என்ற ஒரு பேச்சுக்குப் பயந்து அவர் ஒதுங்கிப் போகக் கூடாது. ஆமாம், நோய் இருந்தது, அதோடுதான் நான் உழைத்துச் சாப்பிட்டேன், இதோ அதற்கான காகிதம் என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

இதைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். யார் வீட்டில் எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?